பேரிங் கழற்று விழா

மூன்றாம் எண் நீரேற்று நிலையத்தில் பம்பு அழ ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஃபிட்டர் மாரீஸ்வரன் நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். உள்ளே யாரோ சரளைக்கல்லை மென்றுகொண்டிருப்பது போல இருந்தது. கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் பத்து நாள் தாங்கும், அதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி என்று கணக்குப் போட்டுக்கொண்டான்.

நிலையம் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில், கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. குழாயில் வரும் நல்ல தண்ணீர் அங்கே தரைத்தொட்டியில் விழும். அதைப் பம்பு உறிஞ்சித் தள்ளினால்தான் கடலோரத்துப் பதினான்கு ஊர்களுக்குப் போகும். அந்த ஊர்களில் எங்கே தோண்டினாலும் உப்புதான். பம்புகள் இரண்டு. ஒன்று மூன்று வருடமாகக் காகிதத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உறுப்புகளைக் கழற்றிக் கழற்றித்தான் மற்றதை மாரீஸ்வரன் உயிரோடு வைத்திருந்தான். இந்த ஒன்று இறுகி நின்றால் பதினான்கு ஊரும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதில் ஒன்றான திருப்பாலைக்குடியில் அவனுடைய அக்கா சேதுலட்சுமி வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

வேலை என்னவோ இரண்டு மணி நேர வேலை. கரண்டை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மூடியைத் திறந்து, பேரிங்கைப் பற்றி இழுக்கும் புல்லரின் கால்களை அதன் உள்வளையத்தில் மாட்டி, நடுத்திருகைப் பொறுமையாகத் திருகினால் கழன்று வந்துவிடும். சுத்தியலால் அடிக்கக் கூடாது. பேரிங் எஃகு கண்ணாடியைப் போலச் சிதறும். தொண்டி ஐஸ் ஃபேக்டரியில் அப்படி அடித்துத்தான் அவனுடைய கூட்டாளி ஒருவன் இடது கண்ணை இழந்தான். அன்றைக்கே மாரீஸ்வரன் ராமநாதபுரம் கடைத்தெருவில் சொந்தக் காசில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டான். புது பேரிங்கும் ஸ்டோரில் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி தயாராக இருந்தது. மாட்டுகிற நிமிடம் வரை அந்தத் தாளைப் பிரிக்கக் கூடாது, வியர்வைக் கை படக் கூடாது, ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பாழ். இதெல்லாம் அவனுக்குப் பாடம் இல்லை, பழக்கம்.

ஆனால் நிலையத்துக்குச் சொந்தக்காரர்கள் நெய்தல் நீரேற்றுக் கழகத்தார். அங்கே பழக்கத்துக்கு மதிப்பில்லை.

முந்தைய வருடம் ‘விபத்தில்லா மண்டலம்’ என்ற கேடயத்தை மேடையில் வாங்கிக்கொண்டு இறங்கும்போது, செயற்பொறியாளர் அய்யப்பன் அதைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. கழகத்தின் விபத்துப் பதிவேட்டில் ஏறிய முதல் விபத்து அதுதான். அதற்கு முன்னால் தொழிலாளிகளுக்குப் போன விரல்களும் முறிந்த முழங்கைகளும் ‘கவனக்குறைவு’ என்று வேறொரு பதிவேட்டில் இருந்தன. அதிகாரி ஒருவருக்கே அடிபட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? உடனே ‘பாதுகாப்புப் பண்பாட்டுப் பிரிவு’ தொடங்கினார்கள். நிலம் எடுப்புப் பிரிவில் பதினெட்டு வருடம் கோப்பு கட்டிய பொன்னுச்சாமி அதற்கு அலுவலரானார். அவர் அதுவரை பார்த்த ஒரே சுழலும் பொருள், தன் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி.

மாரீஸ்வரன் அவர் முன்னால் போய் நின்றான்.

“பேரிங்க எதுக்குக் கழட்டணும்?” என்று கேட்டார் பொன்னுச்சாமி.

“தேஞ்சு போச்சு சார்.”

“தேஞ்சதா யாரு சொன்னா?”

“சத்தம் வருது சார். கூடு கொதிக்குது.”

“சத்தம் எழுத்துப்பூர்வமா ஏதாவது குடுத்திருக்கா? நாளைக்கி ஆடிட்ல கேட்டா நான் காதையா காட்டுறது?”

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ‘பேரிங்கைத் தொடுவதற்கான முன் அனுமதி விண்ணப்பம்’ என்ற எட்டுப் பக்கத் தாளை எடுத்தார். பேரிங் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு கேள்வி. ஒன்றரை அடி என்றான். அப்படியானால் அது உயரத்தில் செய்யும் வேலை, இடுப்பில் கயிற்றுப் பெல்ட் கட்டி விட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார். பக்கத்தில் தண்ணீர் உண்டா என்று அடுத்த கேள்வி. தண்ணீர்ப் பம்பு என்பதால் உண்டு என்றான். அப்படியானால் மிதவைச் சட்டையும் போட வேண்டும் என்றார்.

“சார், பெல்ட்டு கட்டுனா குனிய முடியாது. மெதவச் சட்ட போட்டா பம்புகிட்டயே போக முடியாது.”

“அதுதாம்ப்பா பாதுகாப்பு” என்றார் பொன்னுச்சாமி. “ஆபத்துகிட்ட போக முடியாம பண்றதுதான்.”

ஃபியூஸைப் பிடுங்கிப் பூட்டுவதைப் பற்றியோ, கண்ணுக்குக் கண்ணாடி போடுவதைப் பற்றியோ எட்டுப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை. மாரீஸ்வரன் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தான். கடைசிப் பக்கத்தில் ரத்தப் பிரிவும், பிடித்த பாதுகாப்பு வாசகமும் கேட்டிருந்தார்கள்.

விண்ணப்பம் மேலே போனது. அங்கே அய்யப்பனுக்கு ஒரு யோசனை உதித்தது. கழகத்தில் பேரிங்கை இதுவரை எவரும் விதிப்படி கழற்றியதில்லை. இதை ஒரு முன்மாதிரி நிகழ்ச்சியாக நடத்தி, சென்னையிலிருந்து மேலாண்மை இயக்குநரையே அழைத்துவிட்டால் என்ன? இயக்குநருக்குத் தோது பட்ட நாள் அடுத்த வாரம் சனிக்கிழமை. பம்பு அழத் தொடங்கியதிலிருந்து கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டாம் நாள்.

“அதுவரைக்கும் பம்ப நிப்பாட்டி நிப்பாட்டி ஓட்டலாமா சார்? கொஞ்சம் சூடு ஆறும்” என்று கேட்டான் மாரீஸ்வரன்.

“நிப்பாட்டுனா தடையில்லா வினியோகம்னு ரிப்போர்ட்ல எப்படிப் போடுறது?” என்றார் அய்யப்பன். “ஓடட்டும். கழட்டப் போற பேரிங்தான?”

கழற்றப் போவது பேரிங்தான், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் சுழல்தண்டான ஷாஃப்டையும் சேர்த்தல்லவா தின்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். அய்யப்பன் அதற்குள் பந்தல்காரனுக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

ஸ்டோருக்குப் போய் புல்லரையாவது கண்ணால் பார்த்துவிட்டு வருவோம் என்று போனான். ஸ்டோர் கீப்பர் ஹமீது சுல்தான் காலி ஆணியைக் காட்டினார்.

“புல்லர் ராம்நாட்டுக்குப் போயிருக்கு மாரி.”

“எதுக்கு பாய்? டெஸ்ட் பண்ணவா?”

“தங்கக் கலரு அடிக்க. எம்.டி. கையால பிடிக்கப் போறாராம்ல. துருவோட குடுத்தா மரியாதையா இருக்காதாம்.”

“திருகு மரையிலயும் பெயிண்ட்ட அடிச்சிட்டாங்கன்னா சுத்தாதே பாய்.”

“நானும் அததான் சொன்னேன். மரைங்கிறது எதுன்னு கேட்டாங்க” என்றார் ஹமீது சுல்தான்.

எட்டாம் நாள் ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. மேடை அலங்காரம் செய்கிறவர் தெர்மாக்கோலில் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு பேரிங் செய்து, வெள்ளித்தாள் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். கழற்றும் வேலையைப் பொன்னுச்சாமி பதினேழு படிகளாகப் பிரித்திருந்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு விசில். முதல் படி ‘நில்’. இரண்டாவது ‘நோக்கு’. மூன்றாவது ‘சிந்தி’. சிந்திப்பதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மாரீஸ்வரன் மிதவைச் சட்டையோடும் இடுப்புக் கயிற்றோடும் மேடையில் நின்று, எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த நாற்பது கிளார்க்குகளைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் சிந்தித்தான். பம்பு இந்நேரம் என்ன பாடு படுகிறதோ என்பதைத்தான் சிந்தித்தான். ஒன்பதாவது படி ‘கழற்று’. சாப்பாடு வந்துவிட்டதால் அதை மட்டும் விட்டுவிட்டு நேரே பதினேழாவது படிக்குப் போனார்கள். பதினேழாவது படி கைத்தட்டல்.

அன்று சாயங்காலம் சேதுலட்சுமி ஃபோனில் கூப்பிட்டாள்.

“ஏலே மாரி, இங்கன கொழாயில நூலு மாதிரி வருது. நாலு நாளைக்கி ஒருக்கா வர்ற தண்ணி, இன்னைக்கி அரைக் கொடந்தான் பிடிச்சேன். என்னலே பண்றீக அங்கன?”

“பேரிங்கு மாத்தணும்க்கா. சனிக்கெழம ஆயிரும்.”

“மாத்த வேண்டியதுதான? நீதான அங்கன ஃபிட்டரு?”

இதற்குப் பதில் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. எம்.டி. வரணும்க்கா என்று முனகினான். எம்.டி.க்கு பேரிங் மாத்தத் தெரியுமா என்று அவள் நிஜமாகவே கேட்டாள். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

சனிக்கிழமை நிலையத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பம்பு அறைக்குள்ளேயே மேடை. மைக், இரண்டு பெரிய ஏர்கூலர், வண்ண விளக்கு எல்லாவற்றுக்கும் பம்பு ஓடுகிற பேனலிலிருந்தே கரண்ட் எடுத்திருந்தார்கள். பம்பைப் பொத்தானை அமுக்கி நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். மெயின் உயிரோடு இருந்தது. இந்தப் பம்பு தானியங்கி. எதிர்முனையில் மேல்நிலைத் தொட்டி காலியானால் யாரையும் கேட்காமல் ஓடத் தொடங்கிவிடும். தொட்டியோ காலியாகிக்கொண்டிருந்தது. மாரீஸ்வரன் பொன்னுச்சாமியின் காதோரம் போய் இதைச் சொன்னான்.

“மெயின நிப்பாட்டுனா மைக் நின்னுரும்லய்யா. பாதுகாப்பப் பத்தி எப்படிப் பேசுறது?” என்றார் அவர்.

அடுத்து, வெற்றிலை பாக்கு வைத்த பித்தளைத் தாம்பாளத்தில் புது பேரிங் வந்தது. எண்ணெய்த் தாளைக் காணோம். ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்குச் செய்வது போல பேரிங்குக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். இயக்குநர் தன் பங்குக்கு இன்னொரு பொட்டு வைத்தார். குங்குமம் உள்ளே குண்டுகளுக்கு நடுவில் உதிர்ந்தது. அய்யப்பன் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, “ஆகா, என்ன வழுவழுப்பு” என்றார். பிறகு அது ஃபோட்டோவுக்காகக் கை மாறியது. கண்காணிப்பாளர், கணக்கர், இயக்குநரின் டிரைவர் என்று ஆளுக்கொரு தடவை வாங்கிச் சிரித்துவிட்டுக் கொடுத்தார்கள். யாரோ அதன் மேல் தேங்காய்த் தண்ணீரையும் தெளித்தார்கள்.

“சார், அத வெறுங்கையால தொடக் கூடாது சார்” என்றான் மாரீஸ்வரன்.

“அதான் பூஜ போட்டாச்சே” என்றார் கணக்கர்.

இயக்குநர் பேச எழுந்தார்.

“நண்பர்களே, நான் முப்பத்தோரு வருடம் பொறியாளராகப் பணியாற்றியிருக்கிறேன். இந்த முப்பத்தோரு வருடத்தில் ஒரு இயந்திரத்தைக்கூடத் தொட்டதில்லை. அதனால்தான் இதோ பாருங்கள், பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.” கைத்தட்டல். “தொழிலாளி ஏன் அடிபடுகிறான்? வேலை செய்வதால். வேலைதான் ஆபத்தின் ஊற்றுக்கண். அந்த ஊற்றுக்கண்ணை நாம் அடைக்க வேண்டும். என்னுடைய கனவு என்ன? ஒரு நாள் வரும். அன்று கழகத்தில் ஒரு தொழிலாளிக்கும் கீறல் விழாது. ஏனென்றால் அன்று எவரும் எதையும் கழற்ற மாட்டார்கள், எவரும் எதையும் மாட்ட மாட்டார்கள்.”

இப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு கையில் மைக்கோடு இறங்கி வந்தவர், மறு கையை ஃபோட்டோவுக்காகத் மூடியைத் திறந்து வைத்திருந்த, மோட்டாரையும் பம்பையும் இணைத்துச் சுழலும் கப்ளிங்கின் மேல் வைத்தார். தங்கப் புல்லரை அதன் பக்கத்தில் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். பேனலில் தானியங்கியின் சின்ன மஞ்சள் விளக்கு மினுக்கியது. அடுத்த நொடி ஓடுவேன் என்பது அதற்கு அர்த்தம். மாரீஸ்வரன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடி, மூன்று ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டான்.

மைக் செத்தது. ஏர்கூலர் நின்றது. வண்ண விளக்கு அணைந்தது. இயக்குநரின் வாய் மட்டும் ‘பாதுகாப்பே’ என்ற சொல்லின் பாதியில் திறந்திருந்தது.

“எவன்டா அவன்?” என்று கத்தினார் அய்யப்பன்.

“தொட்டி காலியாயிருச்சு சார். பம்பு தானா கெளம்பிருக்கும். எம்.டி. சார் கை கப்ளிங் மேல இருந்துச்சு.”

“அதுக்காக எம்.டி. பேசிக்கிட்டிருக்கும்போதா பிடுங்குவ?”

இயக்குநர் தன் பத்து விரலையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது. கை தப்பியதற்காக அல்ல, பேச்சு தப்பியதற்காக. புல்லரை வைத்து அரைச் சுற்று திருகுவது போல ஒரு படம் எடுத்துக்கொண்டு, எல்லோரும் தேவிபட்டினத்தில் மீன் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். பேரிங் கழற்று விழா இனிதே நிறைவுற்றதாக மறுநாள் பேப்பரில் வந்தது. பேரிங் அப்போதும் அதன் இடத்திலேயேதான் இருந்தது.

அதன்பிறகு மாரீஸ்வரன் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புல்லரின் மரையில் காய்ந்திருந்த தங்க வர்ணத்தை ஒரு மணி நேரம் சுரண்டி எடுத்துவிட்டு, பேரிங்கை ஒரு சாக்கால் மூடி நிதானமாகக் கழற்றினான். ஷாஃப்டில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. பன்னிரண்டு நாள் தின்றிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்தான். புது பேரிங்கைக் கழுவ மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தபோது, காவலுக்கு நின்ற பொன்னுச்சாமி கையைப் பிடித்தார்.

“மண்ணெண்ணெய் தீப்பிடிக்கிற பொருள். உள்ள அனுமதி இல்ல.”

“அப்ப வெளிய கொண்டுபோயி கழுவிக்கிறேன் சார். உள்ள பூராம் குங்குமமும் மண்ணுமா கெடக்கு.”

“எம்.டி. வச்ச பொட்டக் கழுவப் போறியா? ஃபோட்டோல இருக்கிற பேரிங்கும் மாட்டுற பேரிங்கும் ஒண்ணா இருக்கணும். அதுக்குத்தான் நான் நிக்கிறேன்.”

வேறு பேரிங் இருக்கிறதா என்று ஹமீது சுல்தானுக்கு ஃபோன் செய்தான். இருந்தது ஒன்றுதான், இன்னொன்று கேட்டு எழுதினால் ஆறு மாதம் ஆகும் என்றார். துணியால் துடைக்க முடிந்த மட்டும் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினான். ஆசாரியாக இருந்து தெரிந்தே கோணலாக உத்திரம் ஏற்றுகிறவன் மாதிரி கை கூசியது.

பம்பு நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மத்தியானம் கிரீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. பேரிங் இறுகி, ஷாஃப்டைத் திருகிவிட்டிருந்தது. புது ஷாஃப்ட் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அதற்கு டெண்டர் விட வேண்டும்.

விசாரணைக் குழு வந்தது. மாரீஸ்வரன் மேல் ஒரே ஒரு குற்றச்சாட்டுதான்: உரிய அதிகாரியின் முன் அனுமதி பெறாமல் பாதுகாப்பு நடவடிக்கை மேற்கொண்டது. ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். பம்பு நின்றதைப் பற்றிக் குழு நல்லவிதமாகவே எழுதியிருந்தது. பேரிங் கழற்றும்போது எவருக்கும் காயமில்லை. அதன்பின் பம்பு ஓடாததால் எவருக்கும் காயம் ஏற்பட வாய்ப்பும் இல்லை. ஆகவே மூன்றாம் எண் நிலையம் கழகத்தின் மிகப் பாதுகாப்பான நிலையமாகத் தேர்வு செய்யப்படுகிறது. பரிசாக முப்பது மஞ்சள் ஹெல்மெட் அனுப்பினார்கள்.

குழாய்த் தண்ணீர் மட்டும் எப்போதும்போல வந்துகொண்டிருந்தது. தள்ள ஆளில்லாமல் தரைத்தொட்டி நிரம்பி, நல்ல தண்ணீர் வழிந்து கருவேலங்காட்டுக்குள் ஓடியது. எட்டு மைலுக்கு அப்பால் திருப்பாலைக்குடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். மாரீஸ்வரன் அந்த ஓடையைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பம்பு நின்ற பத்தாம் நாள் ஒரு டாட்டா ஏஸ் வண்டி நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் சேதுலட்சுமி. கேட்டில் பொன்னுச்சாமி மறித்தார். பாதுகாப்பான நிலையத்துக்குள் ஹெல்மெட் இல்லாமல் எவரும் நுழையக் கூடாது, குடம் கொண்டுபோகக் கூடாது, குடம் வழுக்கும் என்றார்.

“சரி, குடுங்க” என்றாள் சேதுலட்சுமி.

அவருக்குப் பெருமையாகப் போய்விட்டது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத முப்பது ஹெல்மெட்டையும் எடுத்து வரிசையாகக் கொடுத்தார். விதியை இவ்வளவு பணிவாக ஏற்றவர்களை அவர் கழகத்தில்கூடப் பார்த்ததில்லை. பெண்கள் உறையைப் பிரித்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். நேரே தரைத்தொட்டிக்குப் போனார்கள். சேதுலட்சுமி ஹெல்மெட்டைக் கழற்றினாள், கவிழ்த்தாள், உள்வாரைப் பிய்த்து எறிந்தாள், முக்கித் தண்ணீர் மொண்டாள். முதல் ஹெல்மெட்டை அப்படியே வாயில் சரித்துக் குடித்தாள். அடுத்ததிலிருந்து சுவருக்கு வெளியே நின்ற குடங்களுக்குக் கைமாற்றிக் கைமாற்றி ஊற்றினார்கள்.

“மாரி, அவுகளத் தடுய்யா” என்று பொன்னுச்சாமி பதறினார்.

“முன் அனுமதி இல்லாம நான் எதுவும் செய்யக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு சார்” என்றான் மாரீஸ்வரன். சொல்லிவிட்டு அக்கா நின்ற பக்கம் போய், வரிசையில் ஒருவனாக நின்று ஹெல்மெட்டை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தான்.

மறுநாளே மெமோ வந்தது. பாதுகாப்பு உபகரணத்தைத் தவறாகப் பயன்படுத்த உடந்தையாக இருந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கூடவே நான்கு பக்கப் படிவம். அதில் ஆறாவது கேள்வி: ‘மேற்படி தலைக்கவசம் எந்த அபாயத்திலிருந்து பாதுகாக்கப் பயன்படுத்தப்பட்டது?’

மாரீஸ்வரன் ‘தாகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பொன்னுச்சாமி அதைப் படித்துப் பார்த்தார். கழகம் அங்கீகரித்த அபாயங்களின் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாக விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அப்படி ஒரு அபாயம் பட்டியலில் இல்லை என்று சிவப்பு மையில் எழுதி, படிவத்தைத் திருப்பி அனுப்பினார்.